குறைந்த செலவில் கேமிங் கணினி: பாகங்களை எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது?

சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊரில் உள்ள ஏதாவது ஒரு கணினிக் கடையிலோ நின்று, "கேமிங் பிசி ஒன்று வேண்டும், அறுபதாயிரத்துக்குள் முடியுமா?" என்று கேட்டால் சில நிமிடங்களில் ஒரு கொட்டேஷன் கைக்கு வந்துவிடும். அந்தத் தாளில் பிராசஸரின் பெயர் முழுமையாக எழுதப்பட்டிருக்கும். ரேம் எத்தனை ஜிபி, எஸ்எஸ்டி எத்தனை ஜிபி என்பனவும் தெளிவாக இருக்கும். மதர்போர்டுக்கு நேரே பெரும்பாலும் தயாரிப்பாளரின் பெயர் மட்டும் இருக்கும், மாடல் எண் இருக்காது. கடைசி வரியில் "கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்" (பெட்டியும் மின்சாரம் தரும் பாகமும்) என்று எழுதி ஒரு தொகையைப் போட்டிருப்பார்கள். முதன்முறையாகக் கணினி வாங்குபவர் தெளிவாக எழுதப்பட்ட வரிகளைப் படித்து மனநிறைவு அடைகிறார். பின்னாளில் அவருக்குத் தொல்லை தருவதோ தெளிவில்லாமல் விடப்பட்ட அந்த இரண்டு வரிகள்தான்.

ஆகவே எந்தப் பாகம் சிறந்தது என்று கேட்பதற்கு முன், எதை முதலில் முடிவு செய்வது என்று கேட்க வேண்டும். பெரும்பாலானோர் பிராசஸரில் தொடங்குகிறார்கள். நான் பரிந்துரைக்கும் வரிசை வேறு: முதலில் மானிட்டர், அதற்கு ஏற்ற கிராபிக்ஸ் கார்டு, அந்தக் கார்டுக்கு ஈடுகொடுக்கும் பிராசஸர், அது பொருந்தும் மதர்போர்டும் ரேமும், இவை அனைத்துக்கும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ், எல்லாவற்றுக்கும் பின்னர் கேபினெட். முன்னதை முடிவு செய்தாலே பின்னதற்கு எவ்வளவு செலவிடலாம் என்பது தெரிகிறது. (நம் ஊரில் முழுப் பெட்டியையும் "சிபியு" என்று சொல்லும் வழக்கம் உண்டு, கடைக்காரரோ பிராசஸரை மட்டும் அவ்வாறு சொல்லக்கூடும். விலை பேசும்போது எதைக் குறிக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.)

மானிட்டரும் விளையாட்டும்

நீங்கள் உண்மையில் விளையாடப் போகும் விளையாட்டுகளில் நான்கைந்தைத் தாளில் எழுதுங்கள். வலோரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகள் கிராபிக்ஸ் கார்டிடம் அதிகம் எதிர்பார்ப்பதில்லை. ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படம்) வருகிறது என்பதை அவற்றில் பெரும்பாலும் பிராசஸரே தீர்மானிக்கிறது. சைபர்பங்க் 2077 போன்று பரந்த உலகைக் காட்டும் விளையாட்டுகளில் பளுவின் பெரும்பகுதி கிராபிக்ஸ் கார்டின் மேல் விழுகிறது. முதல் வகையை மட்டும் விளையாடும் ஒருவர் இரண்டாம் வகைக்கான கார்டை வாங்கினால், அவர் கொடுத்த பணத்தின் பெரும்பகுதி பயன்படாமலே கிடக்கும்.

அடுத்தது திரையின் தெளிவுத்திறன். 1080பி திரையில் 1920 பெருக்கல் 1080, அதாவது ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. 1440பி திரையில் 36.9 லட்சம். 4கே திரையில் 83 லட்சம், அதாவது 1080பி திரையைப் போல நான்கு மடங்கு. ஒவ்வொரு ஃபிரேமிலும் அத்தனை புள்ளிகளையும் கிராபிக்ஸ் கார்டு கணக்கிட வேண்டும் என்பதால், புள்ளிகள் கூடக் கூடக் கார்டின் விலையும் ஏறுகிறது. அறுபதாயிரம் ரூபாய்க்குள் மானிட்டரையும் சேர்த்து முடிக்க நினைப்பவருக்கு 24 அங்குல 1080பி ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) திரையே பொருத்தம். அதில் புதுப்பிப்பு வேகம் (ஒரு நொடியில் திரை எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பது) 100 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ இருப்பது நல்லது. போட்டி விளையாட்டு விளையாடுபவர் 144 ஹெர்ட்ஸுக்குக் குறையாமல் பார்க்கலாம். வீட்டில் ஏற்கெனவே நல்ல 1080பி மானிட்டர் இருந்தால் அதையே வைத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தைக் கார்டில் போடுங்கள்.

கிராபிக்ஸ் கார்டு

மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை இதற்கென ஒதுக்கலாம். விளையாட்டு எப்படித் தெரியும், எவ்வளவு சீராக ஓடும் என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரு பாகமே நிர்ணயிக்கிறது. 1080பி திரைக்கு இன்று புதிதாக வாங்கும் கார்டில் 8 ஜிபி நினைவகத்தைக் குறைந்தபட்ச அளவாகக் கொள்ளுங்கள். 4 ஜிபி கார்டுகளில் புதிய விளையாட்டுகளின் காட்சித் தரத்தைக் குறைத்தாலும் இடையிடையே தடங்கல் வரும். கார்டின் நினைவகத்தில் இடமில்லாமல் போனதும் தரவுகள் கணினியின் ரேமிலிருந்து வர வேண்டியிருப்பதே அதற்குக் காரணம்.

2021 அக்டோபரில் வெளிவந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 கார்டு 8 ஜிபி நினைவகம் கொண்டது. 132 வாட் மின்சாரம் எடுத்துக்கொண்டு 1080பி விளையாட்டைச் சீராக ஓட்டும். இன்னும் நல்ல விலைக்குக் கிடைத்தால் அதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். என்விடியாவில் 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060, அதே 8 ஜிபியுடன் 115 வாட்டிலேயே அதைவிட வேகமாக இயங்குகிறது. சற்றுக் கூடுதலாகச் செலவிட முடிந்தால் 2024 டிசம்பரில் இன்டெல் வெளியிட்ட ஆர்க் பி580 கார்டையும் பார்க்கலாம். அதில் 12 ஜிபி நினைவகம் இருக்கிறது. ஆனால் அது முழு வேகத்தில் இயங்க, மதர்போர்டில் ரீசைசபிள் பார் என்னும், பிராசஸர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே நேரத்தில் அணுக உதவும் வசதி இருந்தாக வேண்டும். பழைய கணினியில் செருக நினைப்பவர் அதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பெயரைக் கண்டு ஏமாறும் ஆபத்து இந்தப் பாகத்தில்தான் அதிகம். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்று 2022இல் வந்தது. 2024இல் அதே பெயரில் 6 ஜிபி கார்டு ஒன்றும் வந்தது. இரண்டாவதில் நினைவகம் மட்டும் குறையவில்லை, கணக்கிடும் கோர்களும் 2560இலிருந்து 2304ஆகக் குறைந்தன, நினைவகத்துக்கான பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகக் குறுகியது. அதுபோலவே ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி விற்கப்படும் கார்டுகளில் "2048எஸ்பி" என்று குறித்தவை, உள்ளே ஆர்எக்ஸ் 570க்கு இணையானவை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டில் வேறொரு சிக்கல் உண்டு. அது மதர்போர்டுடன் நான்கே பாதைகளில் பேசுகிறது. மதர்போர்டு பிசிஐஇ (கார்டு செருகும் இணைப்பு) 4.0 வகையாக இல்லாமல் 3.0 வகையாக இருந்தால் அதன் வேகம் குறிப்பிடத்தக்க அளவு சரியும். மலிவான கணினியில்தான் மலிவான 3.0 போர்டும் இருக்கும் என்பதால், இந்தக் கார்டை வாங்க நினைப்பவரையே இந்தக் குறை மிகுதியாகப் பாதிக்கிறது.

பழைய கார்டு வாங்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். வாங்கலாம், ஆனால் ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. விற்பவரின் கணினியிலேயே ஜிபியு-இசட் என்னும் இலவச மென்பொருளைத் திறந்து பார்த்தால் கார்டின் உண்மையான சில்லு எது, நினைவகம் எவ்வளவு என்பது தெரியும். பழைய சில்லுக்குப் புதிய பெயரைப் பதிந்து விற்கும் போலிக் கார்டுகள் பலவற்றை அது அடையாளம் காட்டிவிடும். பிறகு ஃபர்மார்க் போன்ற சோதனையையோ, கனமான விளையாட்டு ஒன்றையோ கால் மணி நேரம் ஓட விட்டு, திரையில் நிறப் புள்ளிகளோ கோடுகளோ தோன்றுகின்றனவா, விசிறிகள் எல்லாம் சுற்றுகின்றனவா, வெப்பநிலை ஓரளவு ஏறிய பின் நிலைக்கிறதா என்று கவனியுங்கள். பில்லும் சீரியல் எண்ணும் பொருந்துகின்றனவா என்பதையும் பாருங்கள். வாரண்டி மிச்சமிருக்கிறது என்ற வாய்வார்த்தைக்கு அவை இல்லாமல் மதிப்பில்லை.

பிராசஸர்

இந்த விலையில் ஆறு கோர் (கணக்கிடும் பகுதி), பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்தும் வேலைத் தொடர்) கொண்ட பிராசஸர் போதுமானது. ஏஎம்டியின் ரைசன் 5 5600, இன்டெலின் ஐ5-12400எஃப் ஆகிய இரண்டும் 2022இல் வந்தவை. ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 அளவிலான கார்டுகளுக்கு இரண்டுமே நன்றாக ஈடுகொடுக்கும். கை இன்னும் இறுக்கமாக இருந்தால் நான்கு கோர், எட்டு த்ரெட் கொண்ட ஐ3-12100எஃப் போதும். அதில் மிச்சமாகும் பணத்தைக் கார்டுக்குக் கொடுப்பது விளையாட்டில் கூடுதல் பலன் தரும். "ஐ7" என்ற எழுத்துக்கு மயங்கி, பத்தாண்டு பழைய ஐ7 பிராசஸரை வாங்காதீர்கள். இன்றைய ஐ3 அதைவிட வேகமானது. மேலும் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ முறைப்படி நிறுவ இன்டெலில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையோ அதற்குப் பிந்தையதோ தேவை. பழைய சர்வர்களிலிருந்து எடுத்த சியான் பிராசஸர்களைப் புதுப் போர்டுடன் சேர்த்து மலிவாக விற்பதையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கச் சொல்வேன்.

பெயரின் கடைசி எழுத்தைக் கட்டாயம் படியுங்கள். இன்டெலில் "எஃப்" என்று முடிந்தால் அந்தப் பிராசஸருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவுமே வராது. ரைசன் 5 5600க்கும் இதுவே பொருந்தும். "ஜி" என்று முடியும் ரைசன் 5 5600ஜி பிராசஸருக்குள் ஓரளவு நல்ல கிராபிக்ஸ் உண்டு. இப்போது கார்டு வாங்கப் பணமில்லை, ஆறு மாதம் கழித்து வாங்கிக்கொள்கிறேன் என்பவருக்கு அது ஒரு வழி. வலோரண்ட் போன்றவற்றை அதுவரை அதிலேயே விளையாடலாம். ஆனால் பின்னர் கார்டு செருகும்போது, 32 எம்பி கேஷ் (பிராசஸருக்குள் இருக்கும் வேகமான நினைவகம்) உள்ள 5600ஐ விட, 16 எம்பி மட்டுமே உள்ள 5600ஜி பல விளையாட்டுகளில் பின்தங்கும் என்பதைத் தெரிந்தே அந்த முடிவை எடுக்க வேண்டும்.

மதர்போர்டும் ரேமும்

பிராசஸரின் சாக்கெட் (அது போர்டில் உட்காரும் இடம்) மதர்போர்டைத் தீர்மானிக்கிறது. ரைசன் 5 5600க்கு ஏஎம்4, ஐ5-12400எஃப்புக்கு எல்ஜிஏ 1700. ஏஎம்4 போர்டுகள் டிடிஆர்4 ரேமை மட்டும் ஏற்கும். எல்ஜிஏ 1700 போர்டுகளில் டிடிஆர்4 வகையும் உண்டு, டிடிஆர்5 வகையும் உண்டு; ஒன்றுக்கான ரேம் மற்றொன்றில் செருகாது. 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட் டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். ஏஎம்5இல் தொடங்கினால், 2027 வரைக்குமேனும் புதிய பிராசஸர்களுக்கு அந்தச் சாக்கெட் ஆதரவு தரும் என்று ஏஎம்டி அறிவித்திருப்பதால், சில ஆண்டுகள் கழித்துப் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள முடியும். இருந்தாலும் இந்தத் தொகைக்குள் அதைக் கொண்டுவர, கார்டைக் குறைக்க வேண்டிய நிலை வந்தால், ஏஎம்4 போதும் என்பது என் கருத்து.

ஏஎம்4இல் ஏ520 போர்டை விட பி550 போர்டும், எல்ஜிஏ 1700இல் எச்610 போர்டை விட பி660 அல்லது பி760 போர்டும் சற்று விலை கூடியவை. எச்610இல் ரேமுக்கு இரண்டு இடங்களே உண்டு. ஏ520இல் பிசிஐஇ 3.0 மட்டுமே உண்டு. முடிந்தவரை பி வரிசையையே கேளுங்கள். பி450 போன்ற பழைய போர்டுடன் 5600ஐச் சேர்த்தால் பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும், போர்டில் பதிந்திருக்கும் மென்பொருள்) புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணினி எழும்பாது. அதைக் கடையிலேயே செய்து தரச் சொல்லுங்கள்.

ரேமைப் பொறுத்தவரை 16 ஜிபி தேவை; அதை ஒற்றை 16 ஜிபியாக வாங்காமல் இரண்டு 8 ஜிபியாக வாங்குங்கள். பிராசஸர் இரண்டு தடங்களில் ஒரே நேரத்தில் தரவு எடுக்கும் என்பதால் ஃபிரேம் எண்ணிக்கை பல விளையாட்டுகளில் உயரும். 5600ஜி போன்று உள்ளிருக்கும் கிராபிக்ஸை நம்பியிருக்கும் கணினியில் அந்த வேறுபாடு மிகப் பெரிது. டிடிஆர்4 என்றால் 3200 வேகம் போதும். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கிக் குவித்ததால் ரேம் விலை கடுமையாக ஏறியது. எனவே பழைய விலைப்பட்டியலை நம்பித் திட்டமிட வேண்டாம். கொட்டேஷன் வாங்கும் நாளில் ரேம் விலையை முதலில் விசாரித்து, பிறகு மற்றவற்றைக் கணக்கிடுங்கள்.

எஸ்எஸ்டி 500 ஜிபிக்குக் குறைய வேண்டாம். ஒரே விளையாட்டே 100 ஜிபியைத் தாண்டும் காலம் இது. போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 என்விஎம்இ வகையையே வாங்குங்கள்.

எஸ்எம்பிஎஸ்: சிக்கனம் பார்க்கக் கூடாத இடம்

நான் முதன்முதலில் சேர்த்த கணினியில் கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸையே வைத்திருந்தேன். விளையாட்டு கனமாகும்போதெல்லாம் கணினி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அணைந்துவிடும். கார்டு பழுது என்று நினைத்து அதைக் கழற்றுவதும் செருகுவதுமாகவே பல வாரங்கள் போயின. கடைசியில் நண்பர் ஒருவரின் எஸ்எம்பிஎஸ்ஸைக் கடன் வாங்கிப் பொருத்திய அன்றே தொல்லை நின்றது. அந்த வாரங்களில் நான் பட்ட கவலையை இதைப் படிக்கும் எவரும் படக் கூடாது என்பதற்காகவே இந்தப் பகுதியை விரித்து எழுதுகிறேன்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்ட வாட் எண்ணைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் "+12வி" என்ற கட்டத்தைப் பாருங்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது அந்தத் தடத்திலிருந்துதான். அங்கே எழுதியிருக்கும் ஆம்பியரைப் பன்னிரண்டால் பெருக்கினால் உண்மையான திறன் தெரியும். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் ஏறத்தாழ 45 ஆம்பியர் இருக்கும். பெருக்கினால் 540 வாட். "450 வாட்" என்று விற்கப்படும் ஒன்றில் 12வி தடத்தில் 18 ஆம்பியர்தான் இருக்கிறது என்றால், உங்களுக்குக் கிடைப்பது 216 வாட் மட்டுமே.

தேவையையும் கணக்கிடலாம். ரைசன் 5 5600 முழு வேகத்தில் 76 வாட் வரை எடுக்கும். ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறிகள் எல்லாவற்றுக்கும் ஐம்பது வாட் வைத்துக்கொண்டால் மொத்தம் 260 வாட்டுக்கு அருகில் வரும். கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்கு அதைவிட அதிகமாக இழுக்கும் என்பதாலும், பின்னாளில் பெரிய கார்டு வாங்க நேரலாம் என்பதாலும், பெயர் பெற்ற நிறுவனம் ஒன்றின் 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை வாங்குவது சரியாக இருக்கும். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை, மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. உள்ளிருக்கும் உறுப்புகளின் தரத்துக்கு அது சான்று ஆகாது. ஐந்து ஆண்டு வாரண்டி தரும் மாடலைத் தேடுவது அதைவிட நம்பகமான வழி.

வீட்டில் பிளக் பாயின்டின் மூன்றாவது பின்னுக்கு எர்த் உண்மையிலேயே இணைக்கப்பட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். யூபிஎஸ் வாங்குவதானால், 600 விஏ யூபிஎஸ் பொதுவாக 360 வாட் மட்டுமே தரும் என்பதால், மானிட்டரையும் சேர்த்து நெருக்கடியாகிவிடும். 1000 அல்லது 1100 விஏ பொருத்தம். வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பவர் அதை யூபிஎஸ் நிலையில் வைத்தால்தான் மின்சாரம் போகும் நொடியில் கணினி அணையாமல் இருக்கும்.

கேபினெட்

முன்பக்கம் முழுவதும் கண்ணாடி மூடிய கேபினெட் அழகாக இருக்கும், ஆனால் உள்ளே காற்று போக வழியிருக்காது. மே மாதத்தில் அறையே 36, 37 டிகிரியில் இருக்கும் ஊர்களில், உள்ளே இருக்கும் பாகங்கள் அந்த வெப்பத்தின் மேல்தான் தங்கள் வெப்பத்தைச் சேர்க்கின்றன. முன்பக்கம் வலை வைத்த, கழற்றிக் கழுவும் தூசி வடிகட்டி உள்ள, முன்னால் இரண்டு பின்னால் ஒன்று என மூன்று விசிறிகள் உள்ள கேபினெட்டை எடுங்கள். பழைய மர மேசைகளில் பெட்டி வைப்பதற்கென்று இருக்கும் மூடிய அறைக்குள் அதை வைக்காதீர்கள்.

வாங்கும் நாளும் முதல் இயக்கமும்

ஒவ்வொரு பாகத்துக்கும் முழு மாடல் எண்ணுடன் கொட்டேஷன் கேளுங்கள். அதே மாடல்களுக்கு இன்னும் இரண்டு கடைகளிலும் இணையக் கடைகளிலும் விலை பாருங்கள். விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள், ஏனெனில் கார்டோ எஸ்எஸ்டியோ பழுதானால் அந்தப் பில்தான் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம். பெட்டிகளை உங்கள் முன்னால் திறந்து, பெட்டியின் சீரியல் எண்ணும் பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் ஒன்றுபோல் எழுதப்படுவதைப் பாருங்கள். காலிப் பெட்டிகளை வாரண்டி முடியும்வரை பரண்மேல் வைத்திருங்கள்.

கணினி வீட்டுக்கு வந்ததும் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். பயாஸுக்குள் சென்று எக்ஸ்எம்பி என்பதை இயக்குங்கள். இயக்காவிட்டால் 3200 வேகத்துக்குப் பணம் கொடுத்த ரேம் 2133 அல்லது 2400 போன்ற குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். வலோரண்ட் விளையாடுபவர் அதே இடத்தில் டிபிஎம், செக்யூர் பூட் என்னும் பாதுகாப்பு வசதிகள் இரண்டையும் இயக்க வேண்டும், விண்டோஸ் 11இல் அவை இல்லாமல் அந்த விளையாட்டு திறக்காது. பிறகு விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் புதுப்பிப்பு வேகத்தைப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிய பலர் அது 60இல் ஓடுவதை மாதக்கணக்கில் கவனிக்காமல் இருந்திருக்கிறார்கள். கடைசியாக, உங்கள் பட்டியலில் உள்ள மிகக் கனமான விளையாட்டை ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட விட்டு, கார்டு, பிராசஸர் ஆகியவற்றின் வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். குறை ஏதாவது தென்பட்டால், வாங்கிய முதல் வாரத்திலேயே பில்லுடன் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்; மாற்றித் தருவதற்கான காலக்கெடு கடைக்குக் கடை மாறும் என்பதால் அதைப் பணம் கட்டும்போதே கேட்டு, பில்லின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.